மண்டிக் கணக்கும் முனைவர் பட்டமும்

அன்புள்ள ஐயா,

சென்னையில் மென்பொருள் வேலை. பகுதிநேர பிஎச்.டி. சேரப்போகிறேன். தகவல் தொழில்நுட்பமும் வணிகமும் சேர்ந்த துறை. ஆய்வுப் பிரிவுகள் என்று மின்வணிகம், தரவுப் பகுப்பாய்வு, பிளாக்செயின், தொழில்நுட்ப ஏற்பு எனப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். எதற்கு எதிர்காலம்? ‘யுபிஐ குறித்துச் சிறு வியாபாரிகளின் மனநிலை’ என்று 40 கேள்விகளோடு கூகுள் படிவம் தயார். 36 வயதில் இது தேவையா என்கிறார்கள் வீட்டில்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

வயதை விடுங்கள். பிளாக்செயினா தரவா என்பதையும் விடுங்கள், அந்தப் பட்டியலை அவர்களே சீக்கிரம் மாற்றிவிடுவார்கள். எனக்குக் கோபம் வந்தது உங்கள் படிவத்தைப் படித்தபோதுதான்.

யுபிஐ வந்தது 2016ல். இன்று இளநீர் வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. இளநீர்க்காரரிடம் போய் ‘இது பயனுள்ளது எனக் கருதுகிறேன்: முற்றிலும் உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன்’ என்று நீட்டுவீர்களா? அட்டை இல்லாவிட்டால் வாங்க வந்தவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார் என்று மாட்டியிருக்கிறார். இதில் மனநிலை எங்கே வந்தது?

ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989ல் இப்படிக் கேட்டதற்கு அர்த்தம் இருந்தது. அலுவலகங்களில் கணினி புதுசு. பயன் உண்டு என்ற எண்ணம், கஷ்டமில்லை என்ற எண்ணம், இந்த இரண்டையும் அளக்கும் கேள்விகளை 152 பேரிடம் 4 மென்பொருள்களை வைத்துச் சோதித்தார். நல்ல வேலை. அப்புறம் வந்தவர்களில் பலர் மென்பொருளின் பெயரை மட்டும் மாற்றி அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் நீங்களும் எதற்கு?

திண்டுக்கல்லில் என் மாமா வெங்காய மண்டி வைத்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் கணினி வாங்கினார். கணக்குப்பிள்ளை பில் போடச் சீக்கிரமே கற்றுக்கொண்டார். ஆனாலும் கடை சாத்துமுன் எல்லாவற்றையும் பேரேட்டில் இன்னொரு தடவை எழுதுவார். மாமா கத்துவார், அவர் பாட்டுக்கு எழுதுவார். ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்தேன். முன்பணம் வாங்கிய விவசாயி ஒருவரின் பெயருக்கு எதிரே பென்சிலில், ‘பெண் கல்யாணம். தை வரை கேட்க வேண்டாம்.’ இன்னொரு பக்கத்தில், ‘தம்பி சரக்கு போட்டாலும் இதில் கழிக்கவும்.’ கணினியில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. உங்கள் படிவத்தைக் கொடுத்திருந்தால் மனிதர் எல்லாவற்றுக்கும் ‘உடன்படுகிறேன்’ என்று டிக் அடித்திருப்பார். வாங்கியது முதலாளியாயிற்றே!

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் வட கேரளத்து மத்தி மீனவர்களிடம் செல்பேசி வந்ததை ஆராய்ந்தார். 2007ல் வெளியானது. மனநிலையைக் கேட்கவில்லை. 15 கடற்கரைச் சந்தைகளின் விலையை வாராவாரம் பதிவு செய்தார். 1997 ஜனவரி 14 காலை வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். அதே வேளையில் 15 கிலோமீட்டருக்குள் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றார்கள். செல்பேசி வந்தபின் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. 2013ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜானகி ஸ்ரீநிவாசனும் ஜென்னா பர்ரெலும் கேரள மீனவர்களிடம் போய் இதை மறுபடி விசாரித்தார்கள். கையில் போன் இருப்பதால் மட்டும் எல்லோரும் விலை பார்த்துக் கரை மாறிவிடுவதில்லை; என்ன படகு, யாரிடம் கடன் என்பதெல்லாம் குறுக்கே நிற்கிறது. எங்கள் கணக்குப்பிள்ளையின் பென்சில் சமாச்சாரம்தான்.

இவ்வளவு திட்டுவது, வேலைக்கு மேல் படிக்க ஆசைப்படும் ஒருவரின் ராத்திரிகள் அந்த 40 கேள்விகளில் வீணாகிவிடக் கூடாதே என்றுதான். கோயம்பேடு சந்தை பக்கத்தில்தானே இருக்கிறது? விடியற்காலை போகாதீர்கள், வியாபார நேரத்தில் யாரும் முகம் கொடுக்கமாட்டார்கள். கூட்டம் ஓய்ந்து கணக்கு முடிக்கிற நேரம் போங்கள். எது போனில் ஏறுகிறது, எது நோட்டில் ஏறுகிறது என்று மட்டும் ஒரு மாதம் பார்த்துவிட்டு எழுதுங்கள். எந்தப் பிரிவு, யாரிடம் சேர்வது என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.