யூரேல் பாஸா, தனி டிக்கெட்டா? முதலில் உங்கள் மகனின் வயதைச் சொல்லுங்கள்

கேள்வி: வரும் மே மாதம் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறோம். நான், கணவர், 13 வயது மகன், 9 வயது மகள், 66 வயது மாமியார் என ஐந்து பேர். பாரிஸில் நாத்தனார் வீட்டில் நான்கு நாள், சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கனில் நான்கு நாள், அப்புறம் மியூனிக்கில் நான்கு நாள். நடுவில் ஒரு நாள் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போய் வரலாம் என்று ஆசை. ஊர் திரும்ப ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து விமானம். எல்லா ரயிலுக்கும் சேர்த்து ஐந்து பேருக்கும் ஏழு பயண நாட்களுக்கான யூரேல் பாஸ் போட்டுத் தருவதாக டிராவல் ஏஜென்ட் சொல்கிறார். ஒன்றே முக்கால் லட்சம் ஆகுமாம். நாத்தனாரோ, "பாஸெல்லாம் வேண்டாம், பிரான்ஸில் ஒரு தள்ளுபடி கார்டு இருக்கிறது, அதை வாங்கு" என்கிறார். எது சிக்கனம்? மொத்தத்தையும் கிரெடிட் கார்டு ஈ.எம்.ஐ.யில் போடலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: இருவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் மகனுக்கு 13 வயது என்பதை இருவருமே கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. உங்கள் ரயில் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த எண்தான்.

நம் ஊர் ரயிலில் குழந்தைக்கு நாடு முழுக்க ஒரே வயது விதி. ஐரோப்பாவில் ‘குழந்தை’ யார் என்பதை ஒவ்வொரு ரயில்வேயும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. யூரேல் பாஸில் 4 முதல் 11 வயது வரைதான் குழந்தை. ஒரு பெரியவரோடு இரண்டு குழந்தைகள் இலவசமாக வரலாம். 12 பிறந்துவிட்டால் ‘இளைஞர்’ பாஸ். பெரியவர் விலையைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பிரான்ஸிலும் 11 வயதோடு குழந்தைக் கட்டணம் முடிந்துவிடும். ஜெர்மனியில் 14 வயது முடியும்வரை பெரியவரோடு வந்தால் இலவசம். சுவிட்சர்லாந்தில் 15 வயது வரை குழந்தைதான். ஆக, உங்கள் மகன் பாரிஸில் ரயில் ஏறும்போது பெரியவன். சுவிஸ் எல்லை ஊரான பாசெலைத் தாண்டியதும் மறுபடி குழந்தை!

இதை வைத்துக்கொண்டு ஏஜென்ட் சொன்ன தொகையைப் பார்ப்போம். ஒன்றே முக்கால் லட்சத்தை ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 25,000 ரூபாய். உங்கள் பயணத்தில் உண்மையிலேயே நீண்ட தூரம் ரயில் ஏறும் நாள் எத்தனை? பாரிஸிலிருந்து இன்டர்லாக்கன், அங்கிருந்து மியூனிக், மியூனிக்கிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட். மூன்றே நாள். மீதி நான்கு நாள் பாஸை எங்கே செலவழிப்பீர்கள்? சால்ஸ்பர்க்குக்கு ஒரு நாள், இன்டர்லாக்கனைச் சுற்றி மூன்று நாள். அதாவது சால்ஸ்பர்க் போய் வர மட்டும் 25,000 ரூபாய்.

அதே சால்ஸ்பர்க் பயணத்துக்கு மியூனிக்கில் எல்லோரும் வாங்குவது ‘பயர்ன் டிக்கெட்’. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம் முழுக்க, எல்லை தாண்டி சால்ஸ்பர்க் வரைக்கும் செல்லும் ஒரு நாள் சீட்டு. அதிகபட்சம் ஐந்து பேர் ஒரே சீட்டில் போகலாம். முதல் ஆளுக்கு ஒரு விலை, அடுத்தடுத்த ஆளுக்குச் சின்னத் தொகை கூடும். 14 வயது வரையுள்ள சொந்தப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கணக்கிலேயே வர மாட்டார்கள். ஆக உங்களுக்கு மூன்று பேர் சீட்டு போதும். ஐம்பது, அறுபது யூரோ வட்டத்தில் முடிந்துவிடும். நூறு ரூபாய்க்கு ஒரு யூரோ என்று மனக்கணக்கு போட்டாலும் (உண்மை விலை கொஞ்சம் கூடும்) ஐயாயிரம், ஆறாயிரம். மியூனிக் நகரத்துக்குள் மெட்ரோ, டிராம், பஸ்ஸும் அதிலேயே அடக்கம். இரண்டு நிபந்தனைகள்: வார நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும்; வட்டார ரயில்களில் மட்டும்தான் ஏறலாம். அதே தண்டவாளத்தில் சால்ஸ்பர்க் வழியாக வியன்னா போகும் வேக ரயில் பளபளப்பாக வந்து நிற்கும். அதில் ஏறிவிடாதீர்கள். கண்டக்டர் வந்தால் தனிக் கட்டணம் கட்டவேண்டியிருக்கும்.

இன்னொன்று: ஏஜென்ட் உங்கள் மகளுக்கும் பாஸ் விலை போட்டிருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள். ஒன்பது வயதுக்கு யூரேலில் இலவசம். "ஐந்து பேருக்கும்" என்று அவர் சொன்னது எனக்கு உறுத்துகிறது. மாமியாருக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கான 10 சதவீதத் தள்ளுபடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

பாஸில் இன்னொரு செலவும் உண்டு. பாஸ் என்பது பயணக் கட்டணம் மட்டும்தான். பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்து போகும் டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலில் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்கு ஒவ்வொருவரும் தனியாகப் பணம் கட்ட வேண்டும், இலவசப் பாஸில் வரும் குழந்தை உட்பட. பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இருக்கைகளும் அளவானவைதான். தீர்ந்துவிட்டால் கையில் பாஸ் இருந்தும் ரயில் ஏற முடியாது.

சரி, பாஸ் யாருக்கு லாபம்? பிள்ளைகள் எல்லோரும் 12 வயதுக்குக் கீழே, இரண்டு நாளுக்கு ஒரு ஊர் மாறும் திட்டம், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பக்கம் மட்டும் சுற்றல், காலையில் எழுந்து வானம் பார்த்து ஊரை முடிவு செய்யும் பழக்கம்: அப்படிப்பட்ட குடும்பத்துக்கு நானே யூரேல் வாங்கச் சொல்வேன். நீங்கள் ஒரே ஊரில் நான்கு நாள் தங்குகிறவர்கள்.

நாத்தனார் சொல்லும் கார்டுக்கு வருவோம். பிரெஞ்சு ரயில்வேயின் ‘கார்ட் அவாந்தாஜ்’ அது. பெரியவருக்கானது வருடத்துக்கு 49 யூரோ. 27 முதல் 59 வயதுக்குள் இருப்பவர் வாங்கலாம். கார்டு வைத்திருப்பவருக்கும் கூட வரும் ஒரு பெரியவருக்கும் 30 சதவீதம், 4 முதல் 11 வயதுக் குழந்தைகள் மூவர் வரை 60 சதவீதம் தள்ளுபடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வார இறுதிப் பயணமாக இருக்க வேண்டும், அல்லது வார இறுதி இரவு நடுவில் வருகிற, போய்த் திரும்பும் பயணமாக இருக்க வேண்டும். அங்கேயே குடியிருந்து வருடத்துக்கு நாலு முறை குடும்பத்தோடு ரயில் ஏறும் நாத்தனாருக்கு அது தங்கமான கார்டு. ஒரே ஒருமுறை, ஒருவழியாக பாரிஸை விட்டுக் கிளம்பும் உங்களுக்கு 49 யூரோ திரும்பி வருவதே கஷ்டம்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: மூன்று நீண்ட பயணங்களுக்கும் தனித்தனி டிக்கெட், சுவிட்சர்லாந்துக்குள் அந்த நாட்டின் சொந்தச் சலுகை, மியூனிக்கில் பயர்ன் டிக்கெட்.

முதல் பயணம், இன்டர்லாக்கன் போகும் வழியில், பாரிஸ் ‘கார் து லியோன்’ நிலையத்திலிருந்து பாசெல், சுமார் மூன்று மணி நேரம். இங்கே விலை நம் ஊர் ரயில் மாதிரி நிலையானதல்ல; விமான டிக்கெட் போலத்தான். முதலில் வாங்குகிறவனுக்கு மலிவு, வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் எகிறும், செவ்வாய், புதன் நண்பகலில் இறங்கும். வெயிட்டிங் லிஸ்ட்டோ தட்கலோ கிடையாது. நான்கு டிக்கெட் பெரியவர் அல்லது இளைஞர் விலையில், மகளுக்குக் குழந்தை விலை. நாத்தனாரையே பிரெஞ்சு ரயில்வேயின் சொந்தத் தளத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். இடைத்தரகர் தளங்கள் சேவைக் கட்டணம் சேர்க்கும்.

இன்டர்லாக்கனிலிருந்து மியூனிக் போக ஜூரிக்கில் மாற வேண்டியிருக்கும். ஜூரிக்–மியூனிக் ரயிலுக்கு சுவிஸ் ரயில்வேயும் டிக்கெட் விற்கும், ஜெர்மன் ரயில்வேயும் விற்கும். ரயில் ஒன்றுதான், விலை வேறாக இருக்கலாம். இரண்டு தளத்திலும் பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போட்டுப் பாருங்கள். குறைவாகக் காட்டும் இடத்தில் வாங்குங்கள்.

மியூனிக்–ஃபிராங்க்ஃபர்ட் முழுக்க ஜெர்மன் மண். மூன்று பெரியவர் டிக்கெட் போதும், இரண்டு பிள்ளைகளும் இலவசம். ஆனால் வாங்கும்போதே பிள்ளைகளையும் சீட்டில் சேர்த்திருக்க வேண்டும். ‘இலவசம்தானே’ என்று பெரியவர்களை மட்டும் போட்டு வாங்கிவிட்டு, பரிசோதகர் வந்ததும் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமியாருக்கு வயதைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 65-க்கு மேல் என்று குறியுங்கள். சில ரயில்களில் இன்னும் குறைவாக வரும். நம் ரயில்வே மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியதோடு நமக்கு இந்தப் பழக்கமே விட்டுப்போய்விட்டது.

ஜெர்மனியில் டிக்கெட் வேறு, இருக்கை வேறு. சலுகை டிக்கெட் வாங்கிவிட்டால் சீட் இருக்கும் என்று நம் புத்தி நினைக்கும். இருக்காது. நானே ஒருமுறை சிக்கனம் பார்த்து இருக்கை போடாமல் ஏறினேன். ஒவ்வொரு இருக்கைக்கும் மேலே சின்னத் திரையில் ‘மன்ஹைம் – மியூனிக்’ என்று ஊர்ப் பெயர் ஒளிர்ந்தது. அது முன்பதிவானது என்று புரிவதற்குள் மூன்று முறை எழுப்பிவிட்டார்கள். கடைசியில் கழிவறைக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து போனேன். 66 வயது மாமியாரை அப்படி அழைத்துப் போக முடியாது. முன்பு குடும்பம் முழுக்க ஒரே கட்டணத்தில் இருக்கை போடும் வசதி இருந்தது; 2025 ஜூன் 15 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அப்போது இரண்டாம் வகுப்பில் ஓர் இருக்கைக்கு 5.50 யூரோ என்று வைத்தார்கள். இலவசமாக வரும் பிள்ளைக்கும் இருக்கை வேண்டுமென்றால் அதே காசுதான். ஐந்து பேருக்கும் போட்டாலும் சுமார் மூவாயிரம் ரூபாய்தான். இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

உங்கள் விமானம் ஃபிராங்க்ஃபர்ட் என்பதால் ஊருக்குள் இருக்கும் பெரிய நிலையத்தில் இறங்காமல், விமான நிலையத்தை ஒட்டியே உள்ள நீண்டதூர ரயில் நிலையம் வரை டிக்கெட் எடுங்கள். விமான டிக்கெட்டை இன்னும் வாங்கவில்லையென்றால், பாரிஸில் இறங்கி மியூனிக்கிலிருந்தே கிளம்பும்படி விலை கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் கூடினாலும் ஒரு ரயில் பயணம் முழுசாக மிச்சம்.

சுவிட்சர்லாந்துதான் பர்ஸைக் காலி செய்யும் இடம், ஆனால் பிள்ளைகளிடம் தாராளமாக நடந்துகொள்ளும் நாடும் அதுதான். பெற்றோரில் ஒருவரிடம் ‘சுவிஸ் டிராவல் பாஸ்’ அல்லது அரைக் கட்டண அட்டை இருந்தால் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம். பெற்றோரோடு வரும்வரை அவர்களுக்கு டிக்கெட்டே வேண்டாம். ஆகவே பெரியவர்கள் மூவரின் செலவை மட்டும் பார்த்தால் போதும். எல்லா நாளும் ரயில், படகு என்று சுற்றுவீர்கள், ரிகி மலையும் ஏறுவீர்கள் என்றால் டிராவல் பாஸ். ரிகி அதிலேயே அடக்கம். உங்கள் ஆசை யுங்ஃபிராயோக் பனிமலை என்றால் கணக்கு மாறும். வழியிலுள்ள கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் ஊர் வரைதான் பாஸ் செல்லும். அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. அரைக் கட்டண அட்டைக்கு அங்கே பாதி விலை. இன்டர்லாக்கனில் தங்கி, ஒரு நாள் மலை, மற்ற நாள் பக்கத்து ஏரி என்று இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அரைக் கட்டண அட்டைதான் ஜெயிக்கிறது. யுங்ஃபிராயோக் 3,454 மீட்டர் உயரம். மாமியாருக்கு டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

எப்போது வாங்குவது? இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். ஷெங்கன் விசா கையில் வரும் முன் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள். ஜெர்மன் ரயில்வேயின் மிக மலிவான ‘சூப்பர் ஷ்பார்ப்ரைஸ்’ ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. அதற்கு அடுத்தபடியான ‘ஷ்பார்ப்ரைஸ்’ பயண நாளுக்கு முன்பு ரத்து செய்தால் 10 யூரோ பிடித்துக்கொண்டு மீதியை வவுச்சராகத் தருவார்கள். விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45 யூரோ. உங்கள் மகனுக்கு இங்கேயும் பெரியவர் கட்டணம்தான். சீக்கிரம் விண்ணப்பித்து, விசா வந்த அன்றே மூன்று நீண்ட டிக்கெட்டையும் வாங்கிவிடுங்கள். பயர்ன் டிக்கெட்டை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். போகும் நாள் காலையில் வாங்கினாலும் அதே விலை.

மே மாதம் நமக்குப் பள்ளி விடுமுறை, அவர்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். ஈஸ்டருக்குப் பிறகு விண்ணேற்பு வியாழன், பெந்தெகொஸ்தே என்று விடுமுறைகள் வரும். பெந்தெகொஸ்தேவை ஒட்டி பவேரியாவில் இரண்டு வாரம் பள்ளி லீவு. அந்த நாட்களை காலண்டரில் பார்த்து, முடிந்தால் மியூனிக் வாரத்தை அதற்கு முன்னால் தள்ளுங்கள்.

ரயில் தாமதமானால் பணம் கேட்டு வாங்கலாம் என்பதும் நம்மவர்களுக்குத் தெரிவதில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சேரும் இடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதம். ஜெர்மனியில் 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமான சலுகை டிக்கெட்டிலும் வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். டிக்கெட்டையும் தாமத அறிவிப்பையும் படம் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, கிரெடிட் கார்டு. பல கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்அப், அதாவது கூடுதல் கட்டணம் போடும். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய் சும்மா போகும். மார்க்அப் இல்லாத கார்டோ யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டோ எடுங்கள், வங்கி செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி வையுங்கள். ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா?’ என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள்; ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. ஈ.எம்.ஐ. வேண்டாம். இந்த மார்க்அப்போடு வட்டியும் வட்டிக்கு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் ரயிலில் மிச்சம் பிடித்ததெல்லாம் வங்கிக்குப் போய்விடும். மே மாதத்துக்குள் சேர்க்க முடிகிற பணத்துக்கு ஒரு ஆர்.டி. போடுங்கள். குறைந்தால் இன்டர்லாக்கனில் ஒரு நாளைக் குறைத்து, அந்த நாளையும் நாத்தனார் வீட்டிலேயே கழியுங்கள்.