அண்ணாச்சி பதில்கள்: விரட்டுகிறவருக்கே ஓட்டா?

பாளையங்கோட்டை கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, கேரி செகுரா என்கிற அமெரிக்க அரசியல் அறிஞர் லத்தீனோ, அதாவது மெக்சிகோ, கியூபா மாதிரி லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்த ஓட்டர்களைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படி என்னதான் கண்டுபிடித்தார்?

தம்பி, 1994-ல் கலிபோர்னியாவில் வேலை கிடைக்காத காலம். குடியரசுக் கட்சிக் கவர்னர் பீட் வில்சனின் செல்வாக்கு தரைமட்டத்தில் கிடந்தது, தேர்தலோ நெருங்கிவிட்டது. மெக்சிகோவை ஒட்டிய சான் இசிட்ரோ எல்லைச் சாவடியில் ஆட்கள் கார்களுக்கு நடுவே விழுந்தடித்து ஓடி வருகிற படத்தைக் காட்டி, ‘வந்துகொண்டே இருக்கிறார்கள்’ என்று டிவியில் விளம்பரம் விட்டார். கூடவே, மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற 187-ஆவது முன்மொழிவு என்ற சட்டமும் வந்தது. முறையான குடியேற்றக் காகிதம் இல்லாத பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி கிடையாது, காகிதம் இல்லாத யாருக்கும் உயிர் போகிற அவசரம் தவிர அரசு மருத்துவம் கிடையாது, அது போதாதென்று பிள்ளைகள், பெற்றோர் இரண்டு பேர் காகிதத்தையும் பள்ளிக்கூடமே பார்த்துப் போட்டுக்கொடுக்க வேண்டும். 59 சதவீத ஓட்டில் நிறைவேறியது, வில்சனும் ஜெயித்தார். நீதிமன்றம்தான் சட்டத்தைத் தடுத்து நிறுத்தியது.

செகுராவும், அட்ரியன் பாந்தோஹா, ரிக்கார்டோ ராமிரெஸ் என்ற இருவரும் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு இதன் பின்விளைவைப் பற்றியது. புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் ஓட்டுச்சாவடிப் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அதுவரை இருந்த கணக்கு. ‘ஓட்டுப் போட்டேன்’ என்று வாயால் சொல்வதை நம்பாமல் பதிவேட்டையே பார்த்தார்கள். அந்தக் கொந்தளிப்பான வருடங்களில் கலிபோர்னியாவில் குடியுரிமை வாங்கியவர்கள் 1996 தேர்தலில் மற்ற லத்தீனோக்களைவிட அதிகமாக வந்திருந்தார்கள். டெக்சாசிலும் புளோரிடாவிலும் அப்படி இல்லை. வெளியே போ என்று மிரட்டியதே பலரை உள்ளே வந்து உட்கார வைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லாப் பெருமையையும் வில்சன் கணக்கில் எழுத முடியாது. 1986-ல் ரீகன் காலத்துச் சட்டம் காகிதம் இல்லாமல் இருந்த ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டப்படி தங்க வழி செய்தது, கிரீன் கார்டு வாங்கி 5 வருடம் ஆனால்தான் குடியுரிமைக்கு மனுப் போட முடியும், அந்த முறை அவர்களுக்கு வந்ததும் இதே வருடங்களில்தான். 187 மாதிரியான முன்மொழிவுகளால்தான் லத்தீனோக்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள் என்று செகுராவும் வேறு சிலரும் பிறகு எழுதினார்கள். அப்படித் திடீர்ச் சாய்வு எதுவும் தெரியவில்லை என்று 2018-ல் ஐரிஸ் ஹூய், டேவிட் சியர்ஸ் இருவரும் மறுத்தார்கள். எனக்கென்னவோ ஓட்டுப் போட வந்ததைப் பற்றிய ஆய்வுதான் உறுதியாக நிற்கிறது. எந்தக் கட்சிக்கு என்பது வேறு கேள்வி.

வள்ளியூர் வாசகர்: எங்கள் ராதாபுரத்தில் 2016-ல் வெறும் 49 ஓட்டில் முடிவு வந்து கோர்ட் வரை போனது. அமெரிக்காவில் லத்தீனோ ஓட்டு அப்படி எதையாவது தீர்மானிக்குமா?

2024-ல் ஓட்டுரிமை உள்ள லத்தீனோக்கள் 3 கோடி 60 லட்சம் பேர். ஆனால் பெரும்பகுதி கலிபோர்னியா, டெக்சாஸ் மாதிரி முடிவு முன்கூட்டியே தெரிந்த மாநிலங்களில் இருக்கிறது. அரிசோனாதான் வேறு விஷயம், ஓட்டர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் லத்தீனோ, 2020-ல் பைடன் அங்கே ஜெயித்தது 10,457 ஓட்டில். 33 லட்சத்துக்கு மேல் பதிவான இடத்தில் அது உங்கள் 49-க்குத் தம்பி முறைதான்.

கல்லிடைக்குறிச்சி வாசகி: என் மகன் டெக்சாசில் இருக்கிறான். விரட்டுவேன் என்று சொன்ன ட்ரம்புக்கே லத்தீனோக்கள் அள்ளிக் குத்தினார்கள் என்கிறான். எப்படி, அண்ணாச்சி?

அள்ளிக் குத்தினார்கள் என்பது கொஞ்சம் கூடுதல், அக்கா. பியூ என்கிற அமெரிக்க ஆய்வு மையம் யார் உண்மையிலேயே ஓட்டுப் போட்டார்கள் என்று பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், லத்தீனோக்களிடம் ட்ரம்புக்கு 2016-ல் 28, 2020-ல் 36, 2024-ல் 48 சதவீதம். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஹாரிசுக்கு 51. ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான். உங்கள் மகன் இருக்கிற டெக்சாசிலேயே எல்லையோரம் ஸ்டார் கவுண்டி என்று ஒன்று, குடியிருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் லத்தீனோ, 2016-ல் ஹிலாரி 60 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த இடம். 2024-ல் ட்ரம்ப் ஜெயித்தார். குடியரசுக் கட்சி அதற்கு முன் அங்கே ஜெயித்தது 1892-ல்!

அம்பை வயல்காரரும் உவரிக் கடற்கரைக்காரரும் ஒரே காரணத்துக்காகவா ஓட்டுப் போடுகிறார்கள்? போர்ட்டோ ரிக்கோக்காரருக்கு 1917-லிருந்தே குடியுரிமை உண்டு, விசா கவலையே கிடையாது. கியூபாக்காரருக்கு நிரந்தரமாகத் தங்க 1966-ல் தனிச் சட்டமே போட்டுக் கொடுத்தார்கள், காஸ்ட்ரோவிடமிருந்து தப்பி வந்த குடும்பங்களுக்குச் ‘சோசலிசம்’ என்று காதில் விழுந்தாலே ஆகாது. மெக்சிகோ வழிவந்தவர்களில் தலைமுறை தலைமுறையாக டெக்சாசிலேயே இருப்பவர்கள் ஏராளம், அவர்களில் பலர் எல்லைக் காவல் படையிலேயே சம்பளம் வாங்குகிறார்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லோருமே குடிமக்கள், விரட்டுவேன் என்ற பேச்சு தனக்கில்லை, நேற்று வந்தவனுக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் முட்டை விலை, வாடகை, பெட்ரோல். அதற்கு எந்த ஊரிலும் இனம் கிடையாது.

மேலப்பாளையம் வாசகர்: வாக்குச்சாவடிக்கு வெளியே எடுக்கிற கணிப்புகளை நம்பலாமா?

லத்தீனோ விஷயத்தில் பார்த்து நம்புங்கள். 2004-ல் புஷ்ஷுக்கு 44 சதவீதம் என்றார்கள், அப்புறம் 40 பக்கம்தான் என்று இறக்கினார்கள். கணிப்புக்காரர்கள் போய் நிற்கிற சாவடிகள் லத்தீனோக்களைக் கணக்கிட என்று தேர்ந்தெடுத்தவை அல்ல, அவர்கள் நெருக்கமாக வாழும் பேட்டைகள் விட்டுப்போகும். செகுராவும் மேட் பரேட்டோவும் ஆரம்பித்த லத்தீனோ டிசிஷன்ஸ் நிறுவனம் இதைத்தான் விடாமல் சொல்லி வந்தது. 2016-ல் கணிப்பு ட்ரம்புக்கு 28 என்றது, இவர்கள் 18-தான் என்று சண்டைக்கே போனார்கள். கடைசியில் பியூ சரிபார்த்ததும் 28-தான். குறையைச் சரியாகச் சொன்னவர்கள் எண்ணில் சறுக்கிவிட்டார்கள்.

கங்கைகொண்டான் வாசகர்: நம் சிப்காட் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற வடமாநிலத் தம்பிகள் இங்கே ஓட்டுப் போடலாமா?

தாராளமாக. அவர்கள் இந்தியக் குடிமக்கள், யாரிடமும் குடியுரிமை கேட்க வேண்டியதில்லை. இங்கேயே தங்கியிருக்கிறார் என்றால் படிவம் 8 கொடுத்துப் பெயரை இந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். நிறையப் பேருக்கு ஊர் ஓட்டை விட மனசு வராது. இருக்கிற இடத்திலிருந்தே ஊர் ஓட்டைப் போட, 72 தொகுதி வரை கையாளும் மெஷின் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டக் கூப்பிட்டது. எதிர்க்கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை.