கண்டங்கள் மீது பழி போடாதீர்கள்

கேள்வி: கண்டங்கள் நகர்வதால் பூமியின் தட்பவெப்பம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறிக்கொண்டேதான் வருகிறதாம். அப்படியிருக்க, இப்போது மட்டும் மனிதனைக் குற்றம் சொல்வானேன்?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் முதல் வாக்கியம் சரி. இரண்டாவதை ஏற்க மாட்டேன்.

உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் கண்ணாடிபோல் மின்னும் சுவர்களுக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கடல் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டார்கள். அதில் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறியது. நீற்றிச் சுவரில் பூசியதும் சுண்ணாம்பு காற்றிலிருந்து அதே வாயுவை இழுத்துக்கொண்டு இறுகியது. பூமிக்குள் நடப்பதும் இதே வேதியியல்தான். பூமியின் மேலோடு, கண்டங்களையும் கடலடியையும் சுமந்து நகரும் பெரும் பாறைத் தட்டுகளால் ஆனது. கடலடிச் சுண்ணாம்பைச் சுமந்தபடி ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புதையும்போது, அங்குள்ள வெப்பத்தில் வாயு பிரிந்து எரிமலைகள் வழியாகக் காற்றில் கலக்கிறது. மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு பாறைகளை அரிக்கிறது. அரிபட்ட கால்சியம் ஆற்றோடு கடலுக்குப் போய் மீண்டும் கிளிஞ்சலாகிறது. எரிமலைகள் மிகுந்த காலத்தில் உலகம் சூடாகும். மலைகள் எழுந்து புதுப் பாறை மழையில் நனைந்தால் குளிரும்.

நாம் நிற்கும் தட்டே இதற்குச் சாட்சி. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே விரைந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது. இமயமும் திபெத்தும் உயர்ந்தன, பருவமழை வலுத்தது. அந்த மழை இமயத்தை அரித்ததுதான் உலகைக் குளிர்வித்தது என்று பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராயும் மொரீன் ரேமோவும் வில்லியம் ரடிமனும் வாதிட்டார்கள். அதன் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. உலகம் குளிர்ந்ததில் விவாதம் இல்லை. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகாவைப் பனி மூடியது.

இனி வரவு செலவைப் பாருங்கள். மோதல் காலத்தில் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 1,000 பங்கோ அதற்கு மேலோ இருந்த கரியமில வாயு, தொழிற்புரட்சிக்கு முன் 280 ஆகியிருந்தது. 1,000 என்றே வைத்துக்கொண்டாலும், சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 14 பங்குதான் குறைந்திருக்கிறது. நாமோ சுமார் 250 ஆண்டுகளில் அதை 420க்கு மேல் ஏற்றிவிட்டோம். இன்று ஓராண்டில் கூடுவதே 2 பங்குக்கு மேல். தட்டுகளும் மழையும் லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டு இறக்கியதை ஒரே ஆண்டில் திரும்ப ஏற்றுகிறோம்! எரிமலைகளைச் சொல்லித் தப்பவும் வழியில்லை. உலகின் எல்லா எரிமலைகளும் ஓராண்டில் விடுவதைப்போல் பல பத்து மடங்கை நம் நிலக்கரியும் பெட்ரோலும் விடுகின்றன.

5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் காற்றில் கரியமில வாயு திடீரென்று ஏறி, உலகம் 5 டிகிரிக்குக் குறையாமல் சூடானது. அந்த 'திடீர்' கூடச் சில ஆயிரம் ஆண்டுகள். பழைய நிலை திரும்ப லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. நாம் ஏற்றுவதையும் பாறைகள் ஒருநாள் இறக்கும், ஆனால் அதே வேகத்தில்தான். கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் விதைக்கும் உங்கள் பக்கத்துக் கிராமத்துக்காரர் அதுவரை காத்திருக்க முடியாது.