வாசகர் கேள்வி, நம் பதில்: பலா சீசன்

கே: பலாப்பழப் பாயசம் வைத்தால் சுளை ரப்பர் மாதிரி நிற்கிறது, தேங்காய்ப் பாலும் திரிந்துபோகிறது. எங்கே தப்பு? (வாசகி, விழுப்புரம்)

ப: வெல்லத்தை முதலிலேயே போட்டிருப்பீர்கள். வெல்லம் சேர்ந்துவிட்டால் அப்புறம் சுளை லேசில் வேகாது, இறுகத்தான் செய்யும். அதனால் சுளையைப் பொடியாக நறுக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு குக்கரில் 2 விசில் வைத்து நன்றாக மசித்துவிடுங்கள். அடிகனமான பாத்திரத்தில் நெய் ஊற்றி அந்த விழுதை வதக்கி, வடிகட்டிய வெல்லப் பாகை விட்டுக் கிளறுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் அடி தெரிந்து, அது மெதுவாக மூட வேண்டும், அதுதான் பதம். நாகர்கோவில் பக்கமும் கேரளத்திலும் இதையே இன்னும் சுருளக் கிளறி சக்கை வரட்டி என்று மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள், வேண்டும்போது எடுத்துப் பிரதமன் (கேரளப் பாயசம்) வைக்கலாம், இலை அடைக்குள் பூரணமாக வைக்கலாம். சரி, பாயசத்துக்கு வருவோம். இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள், கெட்டியான முதல் பாலை அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும், அது கொதித்தால் திரியும். சுக்குப்பொடி, ஏலக்காய், நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ச் சில்லு. முந்திரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சில்லு இல்லாமல் வைக்காதீர்கள். 1 கப் விழுதுக்கு முக்கால் கப் வெல்லம். உங்களுக்குப் பக்கத்திலேயே பண்ருட்டி இருக்கிறது, அங்கிருந்து நல்ல தித்திப்பான பழம் வந்தால் அரை கப்பே தாராளம்.

கே: பலாமூசு (பலாப்பிஞ்சு) நறுக்கினால் கையெல்லாம் பிசின். வேறு வழி உண்டா?

ப: கை, கத்தி, பலகை மூன்றிலும் எண்ணெய் தடவிக்கொண்டு ஆரம்பியுங்கள். வடிகிற பாலைப் பழைய காகிதத்தால் துடைத்துவிட்டு, நடுத்தண்டை நீக்கி, நறுக்கியதை மஞ்சள்தூள் கலந்த மோரில் போட்டால் கறுக்காது. வேகவைத்து உரலில் லேசாக இடித்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் சேர்த்துத் தாளித்தால் துவரன், அதாவது கேரளப் பொரியல். சோம்பும் மிளகும் அரைத்துப் போட்டுப் பிரட்டினால் சோற்றுக்கு அப்படி இருக்கும்! வாங்கும்போது மட்டும் கவனம்: கொட்டை முற்றியிருந்தால் அது மூசு இல்லை, பலாக்காய், அதைக் கூட்டோ சிப்ஸோ செய்யுங்கள்.

கே: கொட்டையைச் சாம்பாரில் போடுவது தவிர?

ப: மாங்காயோடு சேர்த்துத் தேங்காய் அரைத்த குழம்பு வையுங்கள், இல்லை முருங்கைக்கீரையோடு பொரியல் செய்யுங்கள். மேலே இருக்கிற வெள்ளைத் தோலை உரித்தால் போதும், உள்ளே இருக்கும் பழுப்புத் தோலை முழுசாகச் சுரண்ட வேண்டியதில்லை. வாயு என்று பயந்தால் பெருங்காயமும் பூண்டும் கொஞ்சம் கூடுதலாகச் சேருங்கள்.