சேற்று மின்கலத்துக்கு நனோக்குழாய் வாங்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தை வாய்க்காற் சேற்றைக் கொண்டு ஒரு லீற்றர்ப் போத்தலில் நுண்ணங்கி எரிபொருட்கலம் (நுண்ணங்கிகளைக் கொண்டு மின் பெறும் கலம்) செய்தேன். பல்மானி 0.4 வோல்ற்றுக் காட்டியும் எல்.ஈ.டி. எரியவில்லை. பெரிய வாளிக்கு மாறுவதா, காபன் நனோக்குழாய் (நனோமீற்றர் அளவு விட்டமுள்ள மிக நுண்ணிய காபன் குழாய்) வாங்குவதா?
– உயர்தர மாணவி, கொழும்பு

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், கலத்தைச் சிறிதாக்குங்கள்.

சிவப்பு எல்.ஈ.டி.க்கே ஏறத்தாழ 1.8 வோல்ற்றுத் தேவை. இத்தகைய தனிக்கலம் எவ்வளவு பெரிதானாலும் 0.8 வோல்ற்றைத் தாண்டுவது அரிது. சேதனப் பொருளை உடைக்கும் நுண்ணங்கிகள் விடுவிக்கும் இலத்திரன்கள் அவற்றைச் சேகரிக்கும் மின்வாயான அனோட்டிலிருந்து கம்பி வழியே செல்லும்போது, அயன்கள் சேற்றினூடாக நகர்ந்தாக வேண்டும். மின்வாய்களுக்கிடையிலான தூரம் கூடினால் அகத்தடையும் கூடும். வாளி அந்தத் தூரத்தையே நீட்டிவிடும். மேலும், நுண்ணங்கிகள் மின்வாயின் மேற்பரப்பிற் படலமாக ஒட்டியே இயங்குகின்றன. பக்கம் 10 சென்ரிமீற்றரான ஒரு கனவுருவை 1 சென்ரிமீற்றர்க் கனவுருக்களாகப் பிரித்தால், கனவளவு மாறாமலே மேற்பரப்பு 600 இலிருந்து 6000 சதுர சென்ரிமீற்றராகிறது. பிறிஸ்ரலில் மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தினர் 2015 இல் சிறுநீரைக் கொண்டு விளக்கெரித்ததும் பல சிறு கலங்களை அடுக்கித்தான்.

சிறு கலத்தில் உணவு விரைவில் தீரும். அரிசி கழுவிய நீரைச் சிறிதளவு ஊற்றி வாருங்கள். கொழும்பின் வெப்பநிலை இந்நுண்ணங்கிகளுக்கு உகந்தது என்பதால் சூடாக்கும் செலவு உங்களுக்கு இல்லை.

நனோப்பொருளைப் பொறுத்தவரை, மேற்பரப்பு கூடினாற் போதும் என்ற எண்ணம் பலரை ஏமாற்றுகிறது. இந்நுண்ணங்கிகள் 1 முதல் 2 மைக்றோமீற்றர் நீளமானவை. நனோமீற்றர் அளவிலான துளைகளுக்குள் அவற்றால் நுழைய இயலாது. ஆகவே அகன்ற துளைகள் கொண்ட காபன் கம்பளியின் இழைகள்மீது நனோக்குழாயைப் பூசும்போதே படலம் உறுதியாகப் பற்றி, இலத்திரன் கடத்தலும் மேம்படும். உலர்ந்த நனோக்குழாய்த் தூள் சுவாசத்தோடு நுரையீரலுக்குட் செல்வது ஆபத்தானது. தகுந்த பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வுகூடத்துக்கு வெளியே அதைக் கையாளவே கூடாது. பல சமயங்களிற் கலத்தைத் தடுத்து நிறுத்துவது அனோட்டு அல்ல, மறு மின்வாயான கதோட்டில் மந்தமாக நிகழும் ஒட்சிசன் தாழ்த்தலே (ஒட்சிசன் இலத்திரன்களை ஏற்கும் தாக்கம்). விலையுயர்ந்த பிளாற்றினத்துக்குப் பதிலாக உயிர்ப்பூட்டிய காபனைக் கதோட்டிற் பூசி, அதை நீர்மட்டத்திற் காற்றுப்படும்படி வையுங்கள்.

பின்னர் ஒவ்வொரு கலத்துக்கும் 1000 ஓம் தடையியை இணைத்து வோல்ற்றளவை அளவிடுங்கள். அப்போதும் 0.4 வோல்ற்று நிலைத்தால் வலு 0.16 மில்லிவாற்று. கலங்களை நேரடியாகத் தொடரில் இணைத்தால் பலவீனமான கலத்தின் முனைவு தலைகீழாகக்கூடும்; எனவே மின்னேற்றத்தைச் சேமிக்கும் 5 கொள்ளளவிகளைச் சமாந்தரமாக மின்னேற்றி, பிறகு அவற்றைத் தொடராக மாற்றுங்கள். ஏறத்தாழ 2 வோல்ற்றுக் கிடைத்து, சிவப்பு எல்.ஈ.டி. கணநேரம் ஒளிரும்.