கல்லணையைக் கேட்டால் கால்வாயும் வருகிறது: ஜீரோஎம்கியூ கேள்வி-பதில்

நீர்மட்டம், கொள்முதல் நிலையக் கணக்கு என்று டெல்டா பக்கம், நிரல்களுக்கிடையே மெசேஜ் அனுப்பும் நூலகமான ஜீரோஎம்கியூவை (ZeroMQ) வைத்து நிரல் எழுதுகிறவர்கள் கேட்டவை இவை. பெரும்பாலோர் பைத்தான்காரர்கள் என்பதால் பதிலும் அதையொட்டியே.

கேள்வி (திருவாரூர்): பப் (வெளியிடும்) சாக்கெட்டைத் திறந்ததும் மதகு அளவீடுகளை அனுப்புகிறேன். சப் (பெறும்) பக்கம் முதல் சில மெசேஜ்கள் வருவதே இல்லை. எர்ரரும் இல்லை.

கனெக்ட் என்றதும் அந்த அழைப்பு உடனே முடிந்துவிடும். ஆனால் நிஜமான இணைப்பு பின்னணியில், சற்றுத் தாமதமாகத்தான் அமையும். அதுவரை பப்பைப் பொறுத்தவரை கேட்க ஆளே இல்லை. அப்படிப்பட்ட மெசேஜை அது சேர்த்து வைக்காது, தூக்கிப் போட்டுவிடும். ஒரு வினாடி ஸ்லீப் போட்டுச் சமாளிப்பது கல்லூரி லேபுக்குப் போதும். முறையாகச் செய்வதென்றால், சப் தரப்பு "தயார்" என்று தனியாக ஒரு ரெக்-ரெப் (கோரிக்கை-பதில்) சாக்கெட் ஜோடியில் சொன்ன பிறகு அனுப்பத் தொடங்க வேண்டும். ஆனால் நிமிடத்துக்கொரு முறை வரும் நீர்மட்டத்தில் முதல் இரண்டு போனால் குடி முழுகிவிடாது. உங்களுக்கு நான் அந்த வேலையையே சொல்லமாட்டேன்.

கேள்வி (கும்பகோணம்): "கல்லணை" என்று சப்ஸ்க்ரைப் செய்தால் "கல்லணைக் கால்வாய்" தரவும் சேர்ந்து வருகிறது. "கொள்ளிடம்" தரவோ ஒரு நிலையத்திலிருந்து மட்டும் வருவதே இல்லை. எழுத்து சரியாகத்தான் இருக்கிறது.

இந்த மாதத்தின் அருமையான கேள்வி. சப் சாக்கெட் வார்த்தையைப் பார்ப்பதில்லை. மெசேஜின் முதல் பைட்டுகள் நீங்கள் கொடுத்த பைட்டுகளோடு ஒத்துப்போகின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது. "கல்லணைக் கால்வாய்" என்பதும் "கல்லணை" என்றுதானே தொடங்குகிறது? மெசேஜின் தொடக்கத்தில் வரும் இந்தத் தலைப்பைத் தனி ஃப்ரேமில் (மெசேஜின் தனிப் பகுதியில்) வைத்தாலும் இதே கதைதான். தலைப்பின் கடைசியில் ஒரு செங்குத்துக்கோடு சேர்த்து, அந்தக் கோட்டோடு சேர்த்தே சப்ஸ்க்ரைப் செய்யுங்கள். கால்வாய் ஒதுங்கிவிடும்.

கொள்ளிடம் கண்ணைக் கட்டும் விஷயம். யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூடிஎஃப்-8-இல் முதல் வகைக் குறிக்கு 3 பைட், இரண்டாவதற்கு 6. அந்த நிலையத்துக் கணினியின் கீபோர்டோ பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய நிரலோ இரண்டாவது வகையைத் தந்திருக்கும் என்றுதான் சந்தேகிக்கிறேன். அனுப்பும் இடத்திலும் சப்ஸ்க்ரைப் செய்யும் இடத்திலும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் மூலம் என்எஃப்சி (ஒரே குறியீடாக வைக்கும்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் தலைப்பில் ஊர்ப்பெயரே வேண்டாம். நிலைய எண் போதும், தமிழ்ப் பெயர் உள்ளே இருக்கட்டும்.

கேள்வி (மன்னார்குடி): கரண்ட் போய் வந்த பிறகு சர்வர் எழுந்துவிடுகிறது. ரெக் கிளையன்ட் மட்டும் அப்படியே நிற்கிறது.

ரெக் சாக்கெட் ஒன்று அனுப்பினால் ஒரு பதில் வாங்கிய பிறகுதான் அடுத்ததை அனுப்பும். பதில் வருவதற்குள் சர்வர் படுத்துவிட்டது. அந்தப் பதில் இனி வராது. பதில் வந்ததா என்று பார்க்கும் போலரில் சில வினாடி டைம்அவுட் வையுங்கள். வரவில்லையா, சாக்கெட்டை மூடி, புதிதாகத் திறந்து, மறுபடி அனுப்புங்கள். மூடும்போது லிங்கரை (போகாத மெசேஜுக்காகக் காத்திருக்கும் நேரத்தை) 0 ஆக்க மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் போகாத மெசேஜுக்காக நிரல் முடியாமல் தொங்கும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சர்வர் பதிவு செய்து முடித்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், மறுபடி அனுப்பும்போது அதே 40 கிலோ சிப்பம் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடுத்து, பார்த்த எண்ணை சர்வர் மறுபடி பதியாதபடி செய்யுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): அரை மணி நேரம் நெட் இல்லையென்றால் மெசேஜ்கள் பத்திரமா?

சாக்கெட்டைப் பொறுத்தது. 3-ஆம் பதிப்பிலிருந்து கியூவின் இயல்பு வரம்பு 1000 மெசேஜ். அது நிரம்பினால் புஷ் (வேலையைப் பகிர்ந்தனுப்பும் சாக்கெட்) காத்து நிற்கும், பப் சத்தமில்லாமல் கைவிடும். கியூ இருப்பதே மெமரியில்தான். பெட்டியின் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. டிசிபியிடம் ஒப்படைத்து வழியில் இருந்தவையும் இணைப்பு அறுந்தால் தொலையலாம். தொலையக் கூடாத தரவென்றால் முதலில் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுதுங்கள். மறுமுனை "கிடைத்தது" என்ற பிறகு அழியுங்கள். வரம்பை லட்சமாக உயர்த்துவது வைத்தியமே அல்ல.

கேள்வி (வேதாரண்யம்): வயலில் சிம் போட்ட கருவி. பைண்ட் யார், கனெக்ட் யார்?

சர்வர் பைண்ட் (ஒரு முகவரியில் காத்திருப்பது), கருவி கனெக்ட் (அந்த முகவரிக்குப் போய் இணைவது). சிம் பெரும்பாலும் மொபைல் நிறுவனத்தின் என்ஏடி (NAT, முகவரி மாற்றும் ஏற்பாடு) ஒன்றுக்குப் பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து கருவியைத் தொட முடியாது. சும்மா கிடக்கும் இணைப்பை நெட்வொர்க் வெட்டிவிடும் என்பதால், 4.2 பதிப்பு முதல் உள்ள ஹார்ட்பீட் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கும்) வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். இணையம் வழியாகப் போகிறதென்றால் ஜீரோஎம்கியூவின் கர்வ் (CURVE) குறியாக்கமும் வேண்டும்.

கேள்வி (பாபநாசம்): ஒரே சாக்கெட்டை, நிரலுக்குள் இணையாக ஓடும் இரண்டு திரெட் பயன்படுத்தலாமா?

கூடாது. சாக்கெட்டுகளை உருவாக்கும் கான்டெக்ஸ்டைப் பகிரலாம். சாக்கெட் திரெட்டுக்கு ஒன்று, இடையே பேச இன்பிராக் (ஒரே நிரலுக்குள் நடக்கும் இணைப்பு).