அடையாள அட்டை வரும்வரை கிளினிக்குக்குப் போகாமல் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. தமிழ்நாட்டில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே திருமணமும் முடித்து, சென்ற ஆண்டு இலங்கைக்கு, ஒட்டுசுட்டானுக்குத் திரும்பினோம். முகாமில் இருந்தபோது முதல் பிள்ளைக்கு எட்டாம் மாதத்தில் பிரஷர் கூடி, அவசரமாகச் சீசர் செய்தார்கள். இப்போது மீண்டும் கர்ப்பம், மூன்றரை மாதம். அடையாள அட்டை இன்னும் வரவில்லை. பழைய ஆஸ்பத்திரித் துண்டுகளும் கையில் இல்லை. எல்லாம் சரிவந்த பிறகு பதியலாம் என்கிறார் மாமி. பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் பகுதி மருத்துவமாதுவைச் சந்தியுங்கள். கர்ப்பவதியைப் பரிசோதிக்க அடையாள அட்டை நிபந்தனை அல்ல. மாமியையும் கூட்டிச் செல்லுங்கள். அவருக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை கர்ப்பத்தில் பிரஷர் கூடியவருக்கு அது திரும்பவும் வரக்கூடும். அதைத் தடுக்கக் குறைந்த அளவு அஸ்பிரின் கொடுப்பதுண்டு. 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் முழுப் பயன். உங்களுக்கு ஏறக்குறைய 14 வாரம் ஆகிவிட்டது. அட்டை தாமதமாக வந்தாலும் பயன்படும். இந்தக் குளிசை அப்படியல்ல. ஆனால் பார்மசியில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், வைத்தியர் பார்த்துத் தரட்டும்.

அடுத்தது அந்தத் தழும்பு. தோலில் தெரியும் கோட்டை வைத்து, உள்ளே கருப்பையை எப்படி வெட்டினார்கள் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. குறைமாதச் சீசரில் சிலவேளை நெடுக்காக வெட்ட நேரும். அப்படியானால் இம்முறை சாதாரணப் பிரசவத்துக்கு விடமாட்டார்கள். ஆகவே முகாமில் இன்னும் இருக்கும் உறவினர் யாரையாவது அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, டிஸ்சார்ஜ் துண்டைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் ஊர், ஆஸ்பத்திரி, ஆண்டு, பிள்ளையின் பிறப்பு எடை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள். நஞ்சுக்கொடி தழும்பின்மேல் ஒட்டியிருக்கிறதா என்பதை ஸ்கானில் பார்க்க வேண்டும்.

முகாமிலிருந்து திரும்பும் பெண்களிடம் இரத்தசோகையை அடிக்கடி காண்கிறேன். ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும், இரும்புச்சத்தைத் தராது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. அது எவ்வளவு கடுமையோ, பிரசவத்தின்போது போகும் இரத்தத்தை உடம்பு தாங்குவது அவ்வளவு கடினம். இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் முதல் பிரசவத்தில் அதற்கான அன்டி-டி ஊசி போட்டார்களா என்பதையும் கேட்டறியுங்கள்.

கடைசி வாரங்களில் வீட்டில் இருந்து வலிக்காகக் காத்திருக்காதீர்கள். இரவில் யானை நிற்கும் வீதியால் தழும்போடு ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்கூட்டியே வார்டில் அனுமதிக்கும்படி கிளினிக்கிலேயே கேளுங்கள். இரத்தம் பட்டால், விடாத தலைவலி வந்தால், கண் மங்கினால், முகம் வீங்கினால், பிள்ளையின் அசைவு குறைந்தால் எந்த நேரமானாலும் 1990க்கு அழையுங்கள்; அம்புலன்ஸ் இலவசம். பழைய சீசரையும் பிரஷரையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.